பெயருக்குள் என்ன இருக்கிறது? ஆள்பெயர், குடும்பப்பெயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர்களின் வரலாற்றில் ஆர்வம் காட்டுபவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம், சிலவற்றுக்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

எல்லாப் பெயருக்கும் அர்த்தம் உண்டா?

எல்லாப் பெயருக்கும் ஒரு மூலம் உண்டு. அர்த்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மலர்விழி, அன்பழகன் என்று காதில் விழுந்ததுமே பொருள் புரிகிற பெயர்களோடு வளர்ந்தவர்கள் நாம். அதனால் உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். பீட்டர் என்றால் கிரேக்கத்தில் பாறை. ஆனால் இங்கிலாந்தில் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கிறவர்கள் யாரும் பாறையை மனத்தில் வைத்துக்கொண்டு வைப்பதில்லை. தாத்தா பெயர், புனிதர் பெயர், கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

பழைய ஜெர்மானியப் பெயர்கள் இன்னும் சுவாரசியமானவை. அவை பெரும்பாலும் இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தவை. வில்லியம் என்றால் மன உறுதி, தலைக்கவசம். ஃபிரெடெரிக் என்றால் அமைதி, ஆள்பவன். இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியமாக விளக்கப் போனால் சிக்கல்தான். 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேய ஆயர் வுல்ஃப்ஸ்டன் நல்ல உதாரணம். அப்பா பெயர் ஏதெல்ஸ்டன், அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு. அம்மாவிடமிருந்து முன்பாதி, அப்பாவிடமிருந்து பின்பாதி. அகராதியைத் திறந்தால் 'ஓநாய்க் கல்' என்று வரும். அதில் பொருளே இல்லை. இந்தப் பிள்ளை இந்த இருவருக்கும் பிறந்தது என்பதுதான் அந்தப் பெயர் சொல்லும் சேதி.

ஒருவரே உட்கார்ந்து உருவாக்கிய பெயர்களும் உண்டு. வனெஸ்ஸா என்பதை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொனாதன் ஸ்விஃப்ட் உருவாக்கினார். தோழியின் குடும்பப்பெயரில் இருந்த 'வான்', எஸ்தர் என்ற அவருடைய பெயரின் செல்லச் சுருக்கம், இரண்டையும் சேர்த்தார். இன்று அந்தப் பெயர் உலகமெங்கும் இருக்கிறது.

உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப்பெயர் உண்டா?

இல்லை. கோடிக்கணக்கானவர்களுக்கு இல்லை. பெயர்களைப் பற்றி இருக்கும் தவறான எண்ணங்களில் இதுதான் பெரியது.

ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு இரண்டாவது பெயர் அப்பா பெயரோடு 'மகன்' அல்லது 'மகள்' சேர்ந்தது. சிலருக்கு அம்மா பெயரோடு. 1980-ல் அந்த நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் பெயரைப் பிரித்தால் 'ஃபின்போகியின் மகள் விக்டிஸ்'. அவருடைய தம்பி 'ஃபின்போகியின் மகன்'. அதனால் ஒரே வீட்டில் அப்பா, அம்மா, மகன், மகள் நால்வருக்கும் நாலு விதமான இரண்டாம் பெயர் இருக்கும். அச்சில் வந்த தொலைபேசிப் புத்தகத்தில்கூட முதல் பெயரின் வரிசைப்படிதான் தேட வேண்டியிருந்தது.

எத்தியோப்பியாவில் இரண்டாவதாக வருவது அப்பாவின் பெயர். பிரதமர் அபி அகமதுவை 'திரு. அகமது' என்று எழுதினால் அது அவருடைய அப்பாவைக் கூப்பிடுவதாகும். ஜாவாவில் பிறந்து இந்தோனேசிய அதிபர்களான சுகர்ணோ, சுகார்த்தோ இருவருக்கும் அந்த ஒற்றைப் பெயர்தான் முழுப்பெயர்.

மியான்மரிலும் குடும்பப்பெயர் கிடையாது. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட் பெயரில் 'ஊ' என்பது பெரியவர்களுக்குத் தரும் மரியாதை அடைமொழி. ஆங் சான் சூ கீ பெயரில் 'ஆங் சான்' அப்பாவின் பெயர், 'சூ' பாட்டியின் பெயரிலிருந்து, 'கீ' அம்மாவின் பெயரிலிருந்து. மூன்று பேரை ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அது குடும்பப்பெயர் அல்ல, அவர் ஒருவருக்கு மட்டும் செய்தது.

அப்படியானால் குடும்பப்பெயர் எப்படித்தான் வந்தது?

முதலில் தேவையிலிருந்து வந்தது. ஒரே ஊரில் மூன்று ஜான் இருந்தால் ஏதாவது சொல்லிப் பிரிக்க வேண்டும். யார் மகன், எந்த இடம், என்ன தொழில், ஆள் எப்படி இருப்பார், இந்த நான்கில் ஒன்றைச் சொன்னால் போதும். ஜான்சன் என்றால் ஜான் மகன். ஹில் என்றால் குன்றருகே இருப்பவர். ஃப்ளெட்சர் அம்பு செய்கிறவர், கூப்பர் மரப்பீப்பாய் செய்கிறவர். ரோமானியப் பேச்சாளர் சிசெரோவின் பெயர் கொண்டைக்கடலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

நம் சங்கப் புலவர் பெயர்களிலும் இதையே பார்க்கலாம். 'மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்' என்றால் ஊர், துணி வியாபாரம், அப்புறம் ஆள். 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்றால் ஊர், அப்பாவின் வேலை, அப்புறம் ஆள். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அடையாளம் அந்த ஆளோடு நின்றுவிட்டது. ஐரோப்பாவில் அது பேரன் காலத்திலும் ஒட்டிக்கொண்டது. மகன் அம்பே செய்யாவிட்டாலும் ஃப்ளெட்சர்தான்.

கொல்லர் பெயரை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஸ்மித், ஜெர்மனில் ஷ்மிட், பிரெஞ்சில் லெஃபேவ்ர், இத்தாலியனில் ஃபெராரி, போலந்தில் கோவால்ஸ்கி, ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெத்சோவ், அரபில் ஹத்தாத். எல்லா இடத்திலும் ஏன் கொல்லர்? ஊருக்கு ஒரு கொல்லர்தான் இருப்பார், 'கொல்லர் ஜான்' என்றால் ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஊர் முழுக்க உழவர்களாக இருக்கும்போது 'உழவர் ஜான்' என்று சொல்லி என்ன பயன்?

இந்தப் பக்கம் பார்சிகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்கள் பம்பாயில் புதுத் தொழில்களையே குடும்பப்பெயராக்கிக்கொண்டார்கள். கிரிக்கெட் வீரர்கள் ஃபரூக் எஞ்சினியர், நாரி கான்ட்ராக்டர் இருவரின் பெயரும் அப்படி வந்தவைதான்.

அரசாங்கம் குடும்பப்பெயரைக் கட்டாயப்படுத்தியதா?

பல நாடுகளில் ஆமாம். வரி வாங்க, படைக்கு ஆள் எடுக்க, நிலத்தைப் பதிவு செய்யக் குடிமக்களைத் தனித்தனியாக அடையாளம் தெரிய வேண்டும். ஜப்பானில் 1875-ல் சாதாரண மக்களும் குடும்பப்பெயர் வைத்தே ஆக வேண்டும் என்றானது. நெதர்லாந்தில் 1811-ல் நெப்போலியன் ஆட்சி அப்படி ஆணையிட்டது. துருக்கியில் 1934-ல் சட்டம் வந்தது. முஸ்தபா கெமாலுக்கு நாடாளுமன்றமே 'அதாதுர்க்', அதாவது துருக்கியரின் தந்தை, என்று பெயர் கொடுத்தது அப்போதுதான்.

பிலிப்பைன்ஸ் கதை தனி ரகம். 1849-ல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா, குடும்பப்பெயர்களை அகர வரிசையில் அச்சிட்ட ஒரு பட்டியலை ஊர் ஊராக அனுப்பினார். சில இடங்களில் பட்டியலின் பக்கங்களைப் பிரித்து ஊர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஊர் மக்கள் பலருடைய குடும்பப்பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குகிற நிலை வந்தது. ஸ்பானியப் பெயர் இருப்பதால் ஸ்பானிய ரத்தம் என்று நினைத்துவிடக் கூடாது.

தாய்லாந்தில் 1913-ல் சட்டம். ஒரு குடும்பத்தின் பெயரை உறவில்லாத இன்னொரு குடும்பம் வைக்கக் கூடாது என்ற விதியால் பெயர்கள் நீளமாகிக்கொண்டே போயின. மன்னர் வஜிராவுத் தாமே 6,000-க்கு மேற்பட்ட பெயர்களை உருவாக்கிக் கொடுத்தார்.

மங்கோலியாவில் நேர்மாறு. 1920-களில் கம்யூனிஸ்ட் ஆட்சி குலப்பெயர்களைத் தடை செய்தது. 1990-களில் மறுபடி வைத்துக்கொள்ளச் சொன்னபோது பலருக்குத் தங்கள் பழைய குலப்பெயரே நினைவில்லை. நிறையப் பேர் செங்கிஸ்கானின் குலமான 'போர்ஜிகின்' என்பதை எடுத்துக்கொண்டார்கள். 1981-ல் விண்வெளிக்குப் போன மங்கோலியர் குர்ரக்சா 'அண்டவெளி' என்று பொருள்படும் 'சன்சர்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த பெயர்த் தேர்வு இது.

தமிழர்களின் இனிஷியல் குடும்பப்பெயரா?

இல்லை. பெரும்பாலும் அப்பா பெயரின் முதலெழுத்து, சில சமயம் கூடவே ஊர் பெயரின் முதலெழுத்து. ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் இனிஷியலில் 'எம்' மதுரை, 'எஸ்' அவருடைய அம்மா சண்முகவடிவு. மலேசியத் தமிழர்கள் அப்பா பெயரை முழுதாகவே எழுதி, நடுவில் மகன், மகள் என்பதற்கு 'ஏ/எல்', 'ஏ/பி' என்று போடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடும் வழக்கம் குறைந்தது தானாக நடந்ததல்ல. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தை விட்டுவிடச் சொன்னது, பெரியாரும் தம் பட்டத்தை விட்டார். பெயரைக் கேட்டதும் ஆளின் தகுதியை முடிவு செய்யும் வழியை அடைத்த செயல் அது. இனிஷியல் முறையில் என்ன குறை இருந்தாலும், இந்த ஒன்றுக்காகவே அது மதிக்கத்தக்கது.

எது குடும்பப்பெயர், எது ஆள்பெயர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வரிசையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம், ஐரோப்பாவில் ஹங்கேரி எல்லாவற்றிலும் குடும்பப்பெயர் முன்னால். தெலுங்கிலும் வீட்டுப்பெயர் முன்னால்தான். மா சே துங்கில் 'மா'தான் குடும்பப்பெயர்.

ஸ்பானிய மொழி நாடுகளில் பொதுவாக இரண்டு குடும்பப்பெயர், அப்பாவுடையது முதலில், அம்மாவுடையது பின்னால். கப்ரியேல் கார்சியா மார்க்கேஸை வெறும் 'மார்க்கேஸ்' என்று நம் பத்திரிகைகள் எழுதுவது சரியல்ல. அப்பாவின் கார்சியாவை விட்டுவிட்டு அம்மாவின் பெயரை மட்டும் எழுதுவதாகிவிடும். ஓவியர் பிக்காசோ தாமாகவே அப்பாவின் ரூயிஸை விட்டு அம்மாவின் பிக்காசோவை வைத்துக்கொண்டார், அது அவர் தேர்வு. போர்ச்சுக்கீசியத்தில் வரிசை திருப்பம், அம்மா முன்னால், அப்பா கடைசி.

அரபுப் பெயர்களில் வரும் அபூ, இப்னு, அல், அப்துல் எல்லாம் என்ன?

'அபூ' இன்னாரின் தந்தை, 'உம்மு' இன்னாரின் தாய், 'இப்னு' அல்லது 'பின்' இன்னாரின் மகன். 'அல்' சேர்ந்து ஊர் பெயர் வந்தால் அந்த ஊர்க்காரர். குவாரிஸ்ம் பகுதியைச் சேர்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி. அல்காரிதம் என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்தது. நாம் இப்னு சீனா என்று சொல்லும் மருத்துவ மேதையின் சொந்தப் பெயர் ஹுசைன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'அப்துல்' தனிப்பெயர் அல்ல. அப்துல் ரஹ்மான் என்றால் 'அளவற்ற அருளாளனின் அடியார்', அது முழுசாக ஒரே பெயர். 'மிஸ்டர் ரஹ்மான்' என்று பாதியைப் பிய்த்துக் கூப்பிட்டால் இறைவனுக்குரிய பெயரை மனிதருக்குச் சூட்டியதாகிவிடும். பலர் பழகிப்போய் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் தெரிந்துகொண்டு கூப்பிடுவதுதான் மரியாதை.

கொரியாவில் இத்தனை கிம், வியட்நாமில் இத்தனை நுயென் ஏன்?

தென்கொரியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கிம். எல்லோரும் ஒரே வம்சம் இல்லை. குடும்பப்பெயர் உயர்குடியின் அடையாளமாக இருந்த காலம் போய் எல்லோரும் ஒன்றைப் பதிய வேண்டும் என்று வந்தபோது, மக்கள் கௌரவமான பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள். வியட்நாமில் நுயென் கடைசி அரச வம்சத்தின் பெயர், 1802 முதல் 1945 வரை ஆண்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் மக்கள் பெயர் மாற்றிக்கொண்டதும் சேர்ந்துகொண்டது. இத்தனை பேருக்கு ஒரே குடும்பப்பெயர் இருந்தால் அதைச் சொல்லிக் கூப்பிட முடியாது. அதனால் வியட்நாமில் ஆள்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தளபதி வோ நுயென் கியாப் 'ஜெனரல் கியாப்' ஆனது அப்படித்தான்.

பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வைக்கிறார்களாமே?

கானாவின் அகான் மக்களிடம் அது நிலைத்த வழக்கம். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை என்றால் குவாமே. கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்தவர். அவரோடு இரட்டையாகப் பிறந்த தங்கைக்கு வெள்ளிக்கிழமைப் பெண்ணுக்குரிய எஃபுவா. 'அன்னான்' என்பது நான்காம் பிள்ளை என்பதைக் குறிக்கும். கானாவின் விடுதலைத் தலைவர் குவாமே நிக்ருமா பெயரை வைத்தே அவர் சனிக்கிழமை பிறந்தவர் என்று சொல்லிவிடலாம்.

பாலித் தீவில் முதல் பிள்ளை வயான், அப்புறம் மாதே, ஞோமான், கதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயான். நைஜீரியாவின் யோருபா மக்களிடம் இரட்டையரில் முதலில் வருவது தைவோ, அடுத்தது கெஹிந்தே. இதில் பின்னால் வந்த கெஹிந்தேதான் மூத்தவர். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரத் தைவோவை முன்னால் அனுப்பியவர் அவர் என்பது நம்பிக்கை.

பழைய ரோமில் பெண்களுக்கு இந்த அளவு அக்கறைகூட இல்லை. அப்பாவின் குலப்பெயரைப் பெண்பாலாக்கினால் அதுதான் பெயர். ஜூலியஸ் சீசரின் மகள் ஜூலியா. சீசரின் இரண்டு சகோதரிகளும் ஜூலியாதான், பெரிய ஜூலியா, சின்ன ஜூலியா.

பிள்ளைக்கு வேண்டுமென்றே மோசமான பெயர் வைப்பார்களா?

வைப்பார்கள், பாசத்தால். குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், கண்ணேறும் எமனும் திரும்பிப் பார்க்காதபடி ஒரு பெயர். மங்கோலியாவில் 'நெர்குய்' என்றால் பெயரில்லை, 'எனெபிஷ்' என்றால் இது இல்லை, 'ஹுன்பிஷ்' என்றால் மனிதப்பிறவி இல்லை. நம்மிடம் குப்பன், குப்பாயி, பிச்சை. குப்பையில் போட்டு எடுத்த பிள்ளை, பிச்சையாக வாங்கிய பிள்ளை, இதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறாய் என்று சாவைப் பார்த்துச் சொன்ன பெயர்கள். அந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு, அதற்கு முன் அந்த வீட்டில் எத்தனை குழந்தைகள் போயின என்பது தெரிவதில்லை.

'வேண்டாம்' என்று பெண்பிள்ளைக்கு வைப்பது வேறு. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வைத்தது அது, அதில் காப்பாற்றும் எண்ணம் இல்லை. மராத்தியில் இதே பொருளில் 'நகுஷா' என்று பெயர். 2011-ல் மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் விழா நடத்தி 285 சிறுமிகளுக்குப் புதுப்பெயர் கொடுத்தார்கள். தாங்களே தேர்ந்தெடுத்த பெயரைச் சான்றிதழில் பார்த்த அந்தப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய நாளாக இருந்திருக்கும்!

ஜான், இவான், யஹ்யா எல்லாம் ஒரே பெயரா?

ஒரே பெயர். எபிரேயத்தில் யோஹானான், 'கடவுள் அருளினார்'. ஸ்பெயினில் ஹுவான், இத்தாலியில் ஜொவானி, பிரான்சில் ழான், ஜெர்மனியில் ஹான்ஸ், அயர்லாந்தில் ஷான், ஸ்காட்லாந்தில் இயன். அரபில் யஹ்யா. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டு அருளப்பர் என்றார்கள். பவுலுக்கும் அப்படித்தான். லத்தீனில் பவுலுஸ் என்றால் சின்னவர், தமிழில் சின்னப்பர். ஓர் அயல்பெயரை இவ்வளவு அழகாக வீட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அலெக்சாண்டர் எப்படி சிக்கந்தர் ஆனார்? அரபில் முதலில் வந்த 'அல்' தங்கள் மொழியின் சுட்டு முன்னொட்டு என்று எடுத்துக்கொண்டு, மீதியை இஸ்கந்தர் என்று பிரித்துவிட்டார்கள். அதுதான் பின்னால் சிக்கந்தர் ஆனது.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எல்லா இடத்திலும் உண்டா?

நிறைய இடங்களில் உண்டு. கிரேக்கர்களிடம் மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர். யூதர்களில் கிழக்கு ஐரோப்பிய மரபினர் உயிரோடு இருப்பவரின் பெயரை வைக்க மாட்டார்கள், ஸ்பானிய மரபினரோ உயிரோடு இருக்கும் தாத்தா பெயரை மகிழ்ச்சியாக வைப்பார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலரிடம், ஒருவர் இறந்தால் அந்தப் பெயரைக் கொஞ்ச காலம் யாருமே சொல்லக் கூடாது. அதே பெயர் உள்ள மற்றவர்களைக்கூட வேறு பெயரால் கூப்பிடுவார்கள்.

கல்யாணம் ஆனால் பெண் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

உலகத்தின் பெரும்பகுதியில் அந்த வழக்கமே கிடையாது. சீனா, கொரியா, வியட்நாம், எத்தியோப்பியா, ஐஸ்லாந்து, அரபு நாடுகள், ஸ்பானிய மொழி நாடுகள் பலவற்றில் பெண் தன் பெயரோடேயே இருக்கிறாள். கனடாவின் கியூபெக்கில் 1981 முதலும் கிரீஸில் 1983 முதலும் பிறந்தவீட்டுப் பெயர்தான் சட்டப்பெயர். ஜப்பானில் மட்டும் தம்பதி இருவரும் ஒரே குடும்பப்பெயர் வைக்க வேண்டும் என்று சிவில் சட்டம் சொல்கிறது. யாருடையதையும் எடுக்கலாம் என்றாலும் விட்டுக்கொடுப்பது அநேகமாகப் பெண்தான். அந்தச் சட்டத்தை எதிர்த்து அங்கே பெண்கள் வழக்குப் போட்டிருப்பதில் எந்த ஆச்சரியமும் இல்லை.

அரசாங்கம் ஒரு பெயரை மறுக்கலாமா?

சில நாடுகளில் மறுக்கும். ஐஸ்லாந்தில் 1991 முதல் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது, அந்த மொழியின் இலக்கணத்துக்குப் பெயர் ஒத்துவருகிறதா என்று பார்க்கும். நியூசிலாந்தில் பட்டம், பதவி போல ஒலிக்கும் பெயர்களைப் பதிய விடுவதில்லை.

அமெரிக்காவுக்குப் போனவர்களின் பெயரை எல்லிஸ் தீவு அதிகாரிகள் மாற்றினார்களா?

இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த அந்தத் தீவில் அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் நிறுவனம் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். வேலைக்காகவோ பிள்ளைகளின் பள்ளிக்காகவோ, கேலியும் ஒதுக்கலும் தாங்காமலோ பின்னால் குடியேறியவர்களே மாற்றிக்கொண்டதுதான் அதிகம்.

ஒற்றைப் பெயர் உள்ளவர் பாஸ்போர்ட்டில் என்ன செய்வது?

பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயருக்கு 39 இடங்கள் உண்டு. சர்வதேச விதிப்படி ஒரே பெயர் இருந்தால் அதை முதன்மைப் பகுதியில் போட்டு மற்றதைக் காலியாக விடலாம். பிரச்சினை விசாவிலும் விமான டிக்கெட்டிலும்தான். அமெரிக்க விசாவில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக 'எஃப்என்யூ' என்று அச்சிடுவார்கள். பிறகு வங்கியிலும் அலுவலகத்திலும் அதுவே அவர் பெயராகிவிடுவதும் உண்டு. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் குறையில்லாமல்தான் இருக்கிறது, அதற்கு இடம் விடாத படிவத்தில்தான் குறை. அது மாறும்வரை, பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி பிரிந்திருக்கிறதா என்று பயணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயரின் மூலத்தை எப்படித் தேடுவது? இணையப் பட்டியல்களை நம்பலாமா?

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 'அழகு', 'ஒளி', 'வெற்றி' என்று எல்லாப் பெயருக்கும் இனிப்பான அர்த்தம் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். எந்த மொழி, எந்தச் சொல், எப்போது முதல் வழக்கில் இருக்கிறது, இந்த மூன்றையும் சொல்லாத விளக்கம் பெரும்பாலும் யூகம்தான். குடும்பச் சின்னம், வம்சாவளி என்று விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே குடும்பப்பெயர் பல இடங்களில் தனித்தனியாக முளைத்திருக்கும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சின்னம் இருக்க வழியில்லை.

வீட்டில் மூத்தவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது. அந்தப் பெயரை யார் வைத்தார்கள், அதற்கு முன் குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பழைய பத்திரம், பிறப்புப் பதிவு, கோயில், சர்ச், பள்ளிவாசல் பதிவேடு. எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருந்தால் பதற வேண்டாம், எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியது அது. பழைய வடிவத்தைத் திருத்தாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிவேட்டில் தேடும்போது அந்த வடிவம்தான் உதவும்.